குறுக்கே வந்தவர்கள்

தவசிமுத்து வீட்டு கேட்டுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலையில் வெள்ளாடு வந்து நின்றதில் இருந்துதான் எல்லோரும் இந்தக் கதையை ஆரம்பிப்பார்கள், ஆனால் முந்தின நாளைச் சொல்லாமல் ஆட்டைச் சொன்னால் கேட்கிறவருக்கும் புரியாது, ஆட்டுக்கும் புரியாது. எனக்கு அவன் வீட்டுக்கு நேர் எதிரில் இஸ்திரி வண்டி. கை துணியில் இருந்தாலும் கண் தெருவில்தான் இருக்கும், அதற்காக என் வீட்டுக்காரி என்னைத் திட்டாத நாள் இல்லை.

தவசிமுத்துவுக்கு ஏலக்காய் வியாபாரம். தினமும் காரை எடுத்துக்கொண்டு போடியில் இருந்து மலையேறி, எஸ்டேட் எஸ்டேட்டாக இறங்கி, காயை நகத்தால் கீறி மோந்து பார்த்து விலை பேசிவிட்டு, சாயங்காலம் வளைவு வளைவாக இறங்கி வருவான். வந்ததும் என் வண்டியில் சாய்ந்துகொண்டு, இன்றைக்கு ரோட்டில் எது குறுக்கே வந்தது, தான் எப்படிப் பிரேக்கை மிதித்தேன் என்று சொல்லாமல் வீட்டுக்குள் போகமாட்டான். அதில் சாக்குக்காரி கதை என்று ஒன்று இருக்கிறது, அதை நாங்களே கேட்டு வாங்கிச் சிரிப்போம். மொட்டைப்பாறை வளைவில் மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு நாள், யூரியாச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி நடுரோட்டில் நின்றாளாம், இவன் மிதித்த மிதியில் கார் வழுக்கிக்கொண்டு போய் அவள் சேலையைத் தொட்டு நின்றதாம், இவன் கண்ணாடியைக்கூட இறக்காமல் ஆரனை அடித்து, "சாகுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுச்சா?" என்று கத்திவிட்டு, அவளைச் சுற்றி வண்டியை ஒடித்து எடுத்து வந்துவிட்டானாம். அந்தக் கத்தலை அப்படியே கத்திக் காட்டுவான், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம்.

அப்பேர்ப்பட்ட பிரேக்கு மார்கழியில் கத்த ஆரம்பித்துவிட்டது. கார் தெருமுனையில் திரும்பும்போதே எண்ணெய் போடாத கிணற்றுக் கப்பி மாதிரி கீச்சென்று கேட்கும். மெக்கானிக் பிச்சைமணி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய்விட்டார், பட்டறையில் பூட்டுத் தொங்கியது. இன்னொரு பட்டறைக்குப் போகலாம் என்றால் தவசிமுத்துவுக்கு ரோஷம்.

"நாலு நட்டைக் கழட்டி மாட்டுறதுக்கு எதுக்குண்ணே மெக்கானிக்கு? எல்லாம் போன்லயே இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலிலேயே கடை விரித்தான். வாளியில் போனைச் சாய்த்து வைத்து, பின்வீலுக்கு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்து, ஜாக்கியைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். அவன் மனைவி நாகரத்தினம் குழவியைத் தேடிக்கொண்டு வெளியே வந்து, "அதுலதாங்க சட்னி அரைக்கணும்" என்றாள். "கழுவித் தந்துர்றேன்" என்றான். போன் வீடியோவில் வந்த ஆள் இந்தியில் பேசினான், அவன் காட்டின நட்டு வலப்பக்கம் இருந்தது, இவன் காரில் அதே நட்டு இடப்பக்கம் இருந்தது, இவன் போனைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை. ஒரு வழியாக வீலைக் கழற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற இரும்பை நிமிர்த்தி, பழைய பிரேக் பேடுத் தகடுகளை உருவி எடுத்தான். கறுப்புப் பூச்சு தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்திருந்தது. "இதை நம்பியாண்ணே இத்தனை நாள் மலை இறங்குனேன்?" என்று என்னிடம் காட்டினான்.

புதுசைப் பொருத்தி, மறுபக்க வீலுக்கும் அதையே செய்து, எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தால் பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. முகம் செத்துப்போய் என்னைப் பார்த்தான். பிறகு போனில் அந்த ஆள் செய்கிற மாதிரியே திரும்பத் திரும்ப மிதிக்க, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பிடிப்பு வந்து பெடல் நின்றது. அவ்வளவுதான், உலகத்தையே நிறுத்திவிட்டவன் போல் மீசையைத் தடவிக்கொண்டான்.

கழற்றிய பேடுகளைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடத் தூக்கினபோது நாகரத்தினம் தடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா வீட்டு இரும்பை வெளிய போடாதீங்க."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைவாக, இரண்டு பக்கமும் காது வைத்து, பார்வைக்குக் குதிரை லாடம் மாதிரியே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், ஏழு மாதத்தில், அவளுக்கு ஒரு பிள்ளை தவறிப்போனது. பத்து வருஷம் தவமிருந்து வந்த பிள்ளை. கண்ணேறுதான், வாசலில் லாடம் அடி என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள், ஆனால் போடியில் குதிரைக்கு எங்கே போவது? அதனால் நாகரத்தினம் அந்தப் பேடுகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கட்டுக்கம்பியால் கேட்டின் இரண்டு தூணிலும் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டாள். நடந்ததற்குக் காரணம் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான், இதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் வெள்ளாடு வந்தது. கேட்டைப் பார்த்தபடி, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைக்கப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றது, விரட்டினால் போகவில்லை, தழை போட்டால் தின்றது. அதன் பின்னால் ஒரு செவலை நாய் வந்தது, பால்கேனோடு ஒரு பால்காரர் வந்தார், விறகுக்கட்டோடு ஒருத்தி வந்தாள், அரும்பு மீசையோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் வந்தான், மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள், ஒரு பசுவும் கன்றும், ஒரு குடிகாரர், மலையில் இருந்து ஒரு குரங்குக் கூட்டம், இப்படியே வந்து வந்து, மத்தியானத்துக்குள் தெரு அடைபட்டுப் போனது. எல்லோரும் கேட்டைப் பார்த்து ஒரு காலை முன்னால் வைத்து நின்றார்கள்.

"ஏங்க, என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றான் தவசிமுத்து.

"தெரியலைங்களே" என்றார் பால்காரர். "கறந்துட்டு வந்தேன், கால் இங்க வந்து நின்னுக்கிருச்சு. அங்கிட்டும் போக மாட்டேங்குது, இங்கிட்டும் போக மாட்டேங்குது."

விறகுக்காரி அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்க வெள்ளைக் காருக்காரருல்ல? அன்னிக்குச் செக்போஸ்ட்டுக்குக் கீழ நான் குறுக்க வந்துட்டேன்னு பேசுனீங்களே பேச்சு!"

அப்போதுதான் புரிந்தது. அந்தத் தகடுகள் இரண்டு வருஷமாக யார் யாருக்காகத் தேய்ந்தனவோ அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இடிபடாமல் தப்பித்துப் பிறகு வேறு விதமாகச் செத்தவர்களும் வந்திருந்தார்கள் என்பது, மேலத்தெரு அய்யாவு கிழவரை அவர் மகன் பார்த்து, "அப்பா, ஒங்களுக்குத்தான் காரியமே முடிச்சுட்டமே" என்று கேட்டபோது தெரிந்தது. வெள்ளாடுகூட, போன வருஷம் கிடாவெட்டில் நாங்கள் எல்லோரும் பங்கு போட்டுத் தின்ற ஆடுதான். அதன் சொந்தக்காரர் காதுக்குறியைப் பார்த்து அடையாளம் சொன்ன பிறகு எங்களால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெரு என்றால் எதையும் செரித்துவிடும். ஜெயக்கொடி அக்கா இட்லிக் கடையை இரண்டு வீடு தள்ளிக் கொண்டுவந்து போட்டாள், நிற்கிறவர்களுக்கு நின்ற இடத்திலேயே தட்டு நீட்டினாள். கவுன்சிலர் வந்து பந்தல் போட்டுக் கொடுத்து, அதில் தன் படத்தையும் கட்டிவிட்டுப் போனார். சாகவேண்டிய இடத்தில் தப்பினவர்கள் கை ராசியான கை என்று யாரோ கிளப்பிவிட, புது ஆட்டோ வாங்கினவர்கள் மாலை போட்டுக் கொண்டுவந்து குடிகாரர் கையால் சாவி வாங்கிப் போனார்கள். அவரும் இரண்டு நாள் குடிக்காமல் ஆசீர்வாதம் செய்தார். அய்யாவு கிழவரிடம் அவர் மக்கள் கிணற்றுப் பங்கைப் பற்றிக் கேட்டுக் கேட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள், அவருக்கோ அந்தக் காரின் ஆரன் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"எல்லாரும் வந்தாச்சு, சாக்குக்காரியை மட்டும் காணோமே?" என்று நான்தான் முதலில் கேட்டேன். தவசிமுத்துவும் அவளைத்தான் தேடிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தலையாக எட்டி எட்டிப் பார்த்தான். அவள் வரவே இல்லை.

"அந்த இரும்பைக் கழட்டிப் போடுப்பா, எல்லாம் சரியாப் போகும்" என்றார் கவுன்சிலர். தவசிமுத்து கம்பியில் ஒரு சுற்றை அவிழ்த்தான், அவ்வளவுதான், வெள்ளாட்டுக்கு முன்னங்கால் மடங்கியது, பால்காரர் "ஆத்தாடி!" என்று முழங்கையைப் பிடித்தார், விரலிடுக்கில் ரத்தம். அவன் பதறிப்போய்த் திரும்ப முறுக்கிக் கட்டினான், அதோடு நின்றது. தகடு விழுந்தால், அன்றைக்கு விழாத அடி எல்லாம் இன்றைக்கு விழும் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கியது. அதன் பிறகு அந்தத் தூண் பக்கம் தும்மக்கூட யாரும் போகவில்லை.

வழி சொன்னது பால்காரர்தான். "அண்ணே, அன்னிக்கு நீங்க திட்டுனாலும், கடைசியில கையைக் காட்டிப் போகச் சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றார். தவசிமுத்து யோசித்து, "ரெண்டாவது வளைவு, காலங்காத்தால, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுக் குறுக்க வந்தீங்க" என்று சொல்லி, கையை வீசி, "போங்க" என்றான். பால்காரர் காலை எடுத்து வைத்தார். கேட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பட்டாசாலை வழியாக அடுப்படிக்குள் புகுந்து, ஓரமாக ஒதுங்கி நின்ற நாகரத்தினத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிப் போனார். போனவரை மறுநாள் பால் வாங்கும்போது கேட்டோம். அவருக்கு ஒன்றுமே நினைவில்லை, தவசிமுத்து யார் என்றுகூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவன் மலைக்குப் போகாமல் காலை முதல் இருட்டும்வரை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இடம் சொல்லிக்கொண்டே இருந்தான். மறந்தவர்களுக்கு அவர்களே எடுத்துக் கொடுத்தால் அதைத் திருப்பிச் சொன்னாலும் போதும், வழி திறந்தது. கல்யாண ஜோடி வீட்டுக்குள் போகும்போது நாகரத்தினம் பெண்ணுக்குப் பூ வைத்து அனுப்பினாள், பசு போகும்போது அரிசிப் பானையில் வாய் வைத்துவிட்டுப் போனது. "குரங்குல எந்தக் குரங்குன்னுண்ணே நான் சொல்றது?" என்று என்னிடம் அழாத குறையாகக் கேட்டுவிட்டு, மலையில் இருக்கிற அத்தனை வளைவின் பெயரையும் வரிசையாக ஒப்பித்தான், குரங்குகள் ஒவ்வொன்றாகப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு போயின. ஒவ்வொருவர் தாண்டும்போதும் தூணில் தொங்கிய தகடுகளில் இருந்து ஒரு சிட்டிகைக் கறுப்புத் தூள் உதிர்ந்தது. யாருக்காவது இடத்தைத் தப்பாகச் சொன்னாலும் உதிர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தெரு காலியாகிவிட்டது. ஆட்டுப் புழுக்கை வாடைதான் மிச்சம். பந்தல்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான், தவசிமுத்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தான். "நல்லவேளைண்ணே, அந்தக் கிறுக்கி வரலை" என்றான். வாசல் கூட்டிக்கொண்டிருந்த நாகரத்தினம் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள், சேலையை உதறிக்கொண்டாள், கேட்டைத் திறந்து வெளியே போனாள், தெருவில் இறங்கித் திரும்பி, கேட்டைப் பார்த்து ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள்.

"என்ன நாகு, விளையாடுறியா?"

"இல்லைங்க. கால் நகர மாட்டேங்குது."

அவன் கையில் இருந்த குழாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. "ஒனக்கு நான் எப்ப பிரேக் போட்டேன்?"

"நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு ஞாபகம் இல்லடி. நீ சொல்லு, நான் திருப்பிச் சொல்லிர்றேன். மத்தவுகளுக்கு அப்படித்தான சொன்னேன்?"

"மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு வேண்டுமா என்றால் வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

ஜெயக்கொடி அக்கா ஓடிவந்து தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். மூன்று தகடுகளில் வெறும் இரும்புதான் இருந்தது. நாலாவதில் நகக்கண் அழுக்கு அளவுக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது, அதன் கட்டுக்கம்பியும் நெகிழ்ந்து தொங்கியது. "தம்பி, இந்தா விழுவேன்னு இருக்கு. பாத்துச் சொல்லு. இவ நேர் எதுக்க நிக்குறா" என்றாள்.

தவசிமுத்துவை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கார் வாங்கின அன்றைக்குக் கோயில் வாசலில் நீ எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தாயே அப்போதா என்றான், தூள் உதிர்ந்தது. சந்தையில் கீரைக்காரியிடம் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தாயே என்றான், உதிர்ந்தது. பிறகு வாயைத் திறக்கவே பயந்து, தெருவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நாங்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம், தேர் அன்றைக்கு இருக்கும், உங்கள் மாமனார் ஊரில் இருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் என்று, குழம்பினவனை இன்னும் குழப்பினதுதான் மிச்சம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்த பெண்சாதி, ஊரில் இருக்கிற குரங்குக்கெல்லாம் இடம் சொன்னவனுக்கு அவளுக்கு ஓர் இடம் தெரியவில்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது, என் வீட்டுக்காரிக்கு நான் எங்கே நின்றேன் என்று யோசித்துப் பார்த்ததும் அந்த ஆத்திரம் அடங்கிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து மழை இறங்கியது. எல்லோரும் ஒதுங்கினோம், அவள் நகர முடியாமல் நனைந்தாள். ஜெயக்கொடி அக்கா குடையை நீட்டினாள். நாகரத்தினம் வாங்கவில்லை.

"அண்ணே, அந்தச் சாக்கைக் குடுங்க" என்றாள் என்னைப் பார்த்து.

கரி நனையாமல் மூடி வைத்திருந்த யூரியாச் சாக்கு. உதறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதன் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தள்ளி, ரொம்ப நாள் பழக்கம் போலத் தலையில் போட்டுக்கொண்டாள். முகம் தெரியவில்லை. மழையில் சாக்கும் அதற்குக் கீழே சேலையும்தான் தெரிந்தது.

தவசிமுத்து ஸ்டூலில் இருந்து எழுந்தான்.

"மொட்டைப்பாறை வளைவு" என்றான். "ஐப்பசி. பிள்ளை தவறி நாலஞ்சு நாள்தான் ஆகியிருந்துச்சு. வீட்டுல இருக்க முடியல எனக்கு, ஏலத்துக்கு நேரமாச்சுன்னு பொய் சொல்லிட்டுப் போனேன். மழை. நீ நடுரோட்டுல நின்ன. நாந்தான்... நான் கண்ணாடியக்கூட இறக்கல."

சாக்கு அசையவில்லை. தூள் உதிரவில்லை. அந்தக் கதைக்கு எத்தனை தடவை சிரித்திருக்கிறோம், அவள் அடுப்படியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள்.

இனி அவன் கையை வீசிப் "போ" என்று சொன்னால் முடிந்தது. கை பாதிவரைக்கும் உயர்ந்தது. போனவர்கள் எல்லோரும் எப்படிப் போனார்கள் என்று அவனுக்குத் தெரியும், வாசலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்வாசலில் இறங்கி, யார் என்றே தெரியாத ஆளாக. கையைக் கீழே போட்டுவிட்டான். கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, அவளுக்கும் தூணுக்கும் நடுவில் போய் நின்றான்.

"ஏன் நாகு நின்ன?"

மழைச் சத்தத்தில் பதில் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெயக்கொடி அக்கா பிறகு சொன்னதுதான். "எந்த வண்டியிலயாவது விழுந்துரலாம்னுதான் கூலி ஜீப்புல ஏறி மேல போனேன். ஒங்க வண்டி வர்றதப் பாத்ததும் விழத் தோணல. நீங்க இறங்குவீங்கன்னு நின்னேன்" என்றாளாம்.

அவன் அழுதான். தெருவே பார்க்க, மறைக்காமல் அழுதான். அந்த நேரத்தில்தான் தூணில் இருந்து தகடு கழன்று விழுந்தது, டங்கென்று, தட்டு விழுகிற சத்தம்தான். நடுவில் நின்ற தவசிமுத்துவை இரண்டு வருஷத்துக்கு முந்தின கார் வந்து முட்டியது. எங்கள் கண்ணுக்குக் கார் தெரியவில்லை, அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. சுருண்டு விழுந்தவனை நாகரத்தினம் பிடித்துக்கொண்டாள், அவள் கால் நகர்ந்துவிட்டது. சாக்கை எடுத்து அவன் தலைக்கு மேல் பிடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்று நாங்கள் ஆட்டோவைத் தேடி ஓட, அவள் அவன் பாக்கெட்டில் இருந்து கார் சாவியை எடுத்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு பேராகத் தூக்கி அவனைப் பின்சீட்டில் கிடத்தினோம். ஏறப் போனவள் திரும்பி வந்து, விழுந்து கிடந்ததையும் தூண்களில் மிச்சம் தொங்கினதையும் பிடுங்கிச் சேர்த்து, பழைய இரும்புக்காரன் வண்டி தெருமுனையில் நின்றதைப் பார்த்து, அங்கே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை என்று அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.